வெள்ளிக்கு லீவு, சனிக்குப் பெருநாள்

இந்த நாட்டில் கிறிஸ்மஸ் என்கிற நத்தார் எப்போது என்று கேட்டால் மூன்று வயதுப் பிள்ளையும் சொல்லும். நான் மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகு வரப்போகிற நத்தாரையும் சொல்லும். என்னிடம் வந்து நோன்புப் பெருநாள் எப்போது என்று கேட்டால் மட்டும் நான் தலையைச் சொறிந்துகொண்டு, "வெள்ளி, இல்லாட்டி சனி" என்று இழுக்க வேண்டும். தாடி முக்கால்வாசி நரைத்துவிட்டது. வருடத்தில் ஒரு நல்ல நாள், அது என்ன நாள் என்று சொல்லத் தெரியாத மனுசனாக நிற்கிறேன்.

"அதென்ன ஐசே, பஸ் வரும், இல்லாட்டி வராது எண்ட மாதிரிச் சொல்லுறீர்?" என்றார் எங்கள் சுப்பவைசர்.

நான் வேலை செய்வது அஜின்கோர்ட் பக்கம் ஒரு பெரிய பேக்கரியில். கடை இல்லை, பாண் செய்து லொறியில் ஏற்றி அனுப்பும் தொழிற்சாலை. காலை ஷிப்டில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். ஒருவர் சுப்பவைசர், யாழ்ப்பாணத்துச் சைவக்காரர், எனக்கு அண்ணை. மற்றது நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு சலாம் சொன்னவன். சலாம் சொன்னேன் என்பது மரியாதைக்கு. கணக்கு வாத்தியார் கதவைக் காட்டினார், நான் காட்டிய பக்கம் போனேன்.

பெருநாள் இப்போதெல்லாம் வசந்த காலத்தில் வருகிறது. அதுதான் எங்கள் பேக்கரியில் தலைபோகிற காலம். பெரிய வெள்ளிக்குத் தின்கிற சிலுவை போட்ட பணிஸ், அந்த இனிப்புப் பன், லட்சக்கணக்கில் போக வேண்டும். அந்தச் சிலுவையைப் போடுகிற மெஷின் யாருடைய பொறுப்பு? என்னுடையது. தலைக்கு ஒரு வலை, தாடிக்கு ஒரு வலை, வாயில் நோன்பு, கண்ணுக்கு முன்னால் வரிசை வரிசையாகச் சிலுவை. முதல் வருடம் மச்சானிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். மச்சான் என்றால் என் மனுசியின் நானா, அவளுக்கு மூத்த சகோதரன். அவர் சிரிக்கவில்லை. "நிய்யத்தைச் சரியா வைச்சுக்கொள்ளு" என்றார். நான் என்ன நிய்யத்து, என்ன எண்ணம் வைப்பது? சிலுவைக்கு மாக்குழம்பு வருகிற குழாய் அடைக்கக் கூடாது என்பதுதான் என் நிய்யத்து.

அந்த நெருக்கடியில் லீவு என்பது ஒரே ஒரு நாள். அதையும் இரண்டு கிழமைக்கு, பதினாலு நாளுக்கு முதல் சொல்லிவிட வேண்டும். சந்திரனுக்கோ முன்கூட்டி அறிவிக்கும் பழக்கம் இல்லை.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், டயர் கடைக்கும் பல் டொக்டருக்கும் நடுவில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. அவர்கள் விஞ்ஞானக் கணக்குப் பார்த்துப் பெருநாளை வருடத் தொடக்கத்திலேயே கலண்டரில் அச்சடித்துத் தந்துவிடுவார்கள். என்னைப் போன்ற வேலைக்காரனுக்குச் சொர்க்கம். ஆனால் கொஞ்சம் தள்ளி இன்னொரு பள்ளிவாசல். அங்கே மனிதக் கண்ணால் பிறையைக் கண்டால்தான் பெருநாள். அந்தப் பள்ளிவாசல் கமிட்டியில் யார் இருக்கிறார்? மச்சான். அவர் எந்த நாளைச் சொல்கிறாரோ அதுதான் என் மனுசிக்கும் பெருநாள். என் சம்பளத்தில் வாங்கிய வீட்டில் பெருநாளை அறிவிக்கும் உரிமை எனக்குக் கிடையாது.

போன வருடத்துக்கு முந்தின வருடம் நான் கலண்டரை நம்பி லீவு எடுத்தேன். மச்சானின் ஆட்கள் பிறை காணவில்லை. மனுசி நோன்பு. நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கடையில் வாங்கிய வட்டிலப்பத்தைக் கராஜுக்குள், காருக்குள் உட்கார்ந்து தின்றேன். யாரோ திருடிக்கொண்டு வந்த மாதிரி. அடுத்த நாள் வீடு முழுக்கப் பெருநாள், நான் மெஷினடியில். போன வருடம் புத்தி வந்து பிந்திய நாளைக் கேட்டேன். அந்த வருடம் பார்த்து எங்கேயோ ஒரு புண்ணியவானுக்குப் பிறை தெரிந்துவிட்டது. எல்லோரும் பெருநாளை முடித்துவிட்டார்கள். என்னுடைய லீவு நாளில் நான் மிஞ்சின சோற்றைச் சூடாக்கித் தின்றேன். சந்திரனும் நானும் பேசாமல் இருக்கிற இரண்டு சம்பந்திகள் மாதிரி. நான் வாசலால் வந்தால் அது கொல்லையால் போகும்.

இந்த முறை அப்படி ஆகக் கூடாது என்று நினைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. எங்களுக்கு ஒரே பிள்ளை, மகள். இங்கேயே பிறந்தவள். செப்டெம்பரில் ஒட்டாவாவுக்குப் படிக்கப் போகிறாள். நோன்பு தொடங்கின கிழமை ஒரு நாள் போனை என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

"வாப்பா, இது கிரேட் நைன் பெருநாள். இது கிரேட் டென். இது லாஸ்ட் இயர். உம்மா இருக்கிறா, மாமா இருக்கிறார், மாமிட கிளி கூட இருக்கு. நீங்க எங்க?"

"நான்தான் மகள் படம் எடுத்தனான்."

"நோ வாப்பா. நீங்க வேலையில."

நான் போனை வாங்கி மூன்று படத்தையும் திரும்பப் பார்த்தேன்.

"எனக்குக் காசு வேணாம், உடுப்பு வேணாம்" என்றாள். "இந்த முறை நீங்க எங்களோட வந்து தொழோணும். ஒரு படத்தில நிக்கோணும். பிறகு நான் போயிருவன். சீரியஸ்லி, இட்ஸ் நொட் தட் ஹார்ட்."

இட்ஸ் நொட் தட் ஹார்ட். அவளுக்கு என்ன தெரியும்?

முதலில் மச்சானிடம் போனேன். "மச்சான், கலண்டரில வெள்ளி போட்டிருக்கு. நீங்களும் இந்த முறை வெள்ளி எண்டு சொன்னா என்ன?"

"பிறை கண்டாச் சொல்லுவம்."

"காணாட்டியும் அது அங்கதானே இருக்கும்? எங்க போகப் போகுது?"

"நீ உன்ட லீவுக்காக மார்க்கத்தை வளைக்கப் பாக்கிறாய்."

"நத்தாருக்கு ஆராவது வானத்தை அண்ணாந்து பாக்கிறாங்களா மச்சான்?"

மச்சான் தேத்தண்ணியை ஊதிக்கொண்டே, "அவங்களும் ஒரு நட்சத்திரத்தைப் பாத்துத்தான் வந்தவங்க" என்றார்.

எட்டாம் வகுப்புக்காரனுக்கு இது போதும். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் அண்ணையிடம், "வெள்ளியைப் போடுங்கோ" என்றேன்.

"நிச்சயமோ? மனேச்சருக்கு நான்தான் விளக்கம் சொல்ல வேணும். போன முறை அந்த வெள்ளைக்காரன் என்னைக் கேட்டவன், இவையின்ர சந்திரனும் எங்கட சந்திரனும் வேறையோ எண்டு."

"நூறு வீதம் வெள்ளி அண்ணை. கலண்டரிலயே இருக்கு."

"அப்ப பிரியாணி?"

"வேலை முடிய நேரா வீட்டுக்கு வாங்கோ. சட்டியோட வைக்கிறன்."

"வெள்ளிக்கிழமை நான் மச்சம் மாமிசம் தொடுறேல்ல எண்டு தெரியும்தானே உமக்கு?"

"வருசத்தில ஒரு பெருநாள் அண்ணை."

அண்ணை நெற்றியில் இருந்த திருநீற்றைத் தடவிக்கொண்டு யோசித்தார். "சரி, முருகனிட்டக் கேட்டுப் பாக்கிறன்" என்றார்.

வியாழக்கிழமை பின்னேரம். அன்றைக்குப் பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். மகளையும் ஏற்றிக்கொண்டு ஸ்காபரோ ஏரிக்கரை மேட்டுக்குப் போனேன். எங்கள் ஆட்கள் முப்பது நாற்பது பேர் ஏற்கெனவே மேற்கைப் பார்த்து நின்றார்கள். ஒருவர் தூரக்கண்ணாடியோடு. மேகம் கம்பளி மாதிரி மூடிக் கிடந்தது. குளிரில் என் பல் ஆடியது. பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்தோம். பிறகும் மேகத்தையே பார்த்தோம்.

நாயோடு நடக்க வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் எங்களுக்குப் பக்கத்தில் நின்று, தானும் அண்ணாந்து பார்த்தார். ஏதாவது அபூர்வப் பறவையா என்று மகளிடம் கேட்டார். சந்திரன் என்றாள். அவர் போனை எடுத்து இரண்டு தரம் தட்டினார்.

"அது வந்துட்டாம் வாப்பா" என்று மகள் அவர் சொன்னதை எனக்குச் சொன்னாள். "அந்த மேகத்துக்குப் பின்னால இருக்காம். இன்னும் கொஞ்ச நேரத்தில மறைஞ்சிருமாம்."

கிழவர் எங்களுக்கு நல்வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார். நாய்க்குக்கூட விசயம் விளங்கிவிட்ட மாதிரி இருந்தது. நாற்பது முஸ்லிம்கள் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு செய்தியும் போனில் வந்தன. டயர் கடைப் பள்ளிவாசல்: நாளை வெள்ளி பெருநாள், ஈத் முபாரக். மச்சானின் பள்ளிவாசல்: பிறை காணவில்லை, நாளையும் நோன்பு, சனிக்கிழமை பெருநாள்.

"நாங்க ரெண்டு பேரும் நாளைக்கே தொழுவமா?" என்று மகளைக் கேட்டேன்.

"அப்ப உம்மா?"

உம்மா வீட்டில் விடியலுக்கு முன் சாப்பிடுகிற சஹருக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். "நீங்க வேணுமெண்டா உங்கட கலண்டரோட போய்ப் பெருநாள் கொண்டாடுங்க. பிள்ளையும் நானும் நோன்பு" என்றாள்.

ஒரு பள்ளிவாசலின்படி வெள்ளி பெருநாள், அன்று நோன்பு பிடித்தால் பாவம். மற்றப் பள்ளிவாசலின்படி, பிடிக்காவிட்டால் பாவம். நான் நோன்பு பிடித்தேன். அல்லாஹ் மன்னிப்பவன். மனுசியைப் பற்றி அப்படி எங்கேயும் எழுதி இல்லை.

விடிந்ததும் லீவை மாற்றலாம் என்று பேக்கரிக்குப் போன் அடித்தேன். அண்ணை மெஷினடியில் நிற்கிறாராம். எடுத்தது ஆபீசில் வேறு ஒருவர். எனக்குத் தெரிந்த இங்கிலிசில் சந்திரன், மேகம், மச்சான் எல்லாவற்றையும் விளக்கினேன். கடைசியில் அவர், "ஹாப்பி ஹொலிடே!" என்று சந்தோசமாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மத்தியானம் ஜும்மாத் தொழுகைக்கு டயர் கடைப் பக்கம் போனேன். எல்லோரும் புது உடுப்பில், அத்தர் மணக்க நிற்கிறார்கள். நான் பழைய ஜக்கெட்டோடு, உலர்ந்த உதட்டோடு. ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்து மூன்று தரம் தோளை மாற்றி, கையில் ஒரு துண்டு மஸ்கட் அல்வாவை வைத்தார். "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்று நின்றுகொண்டே பார்த்தார். "வீட்டுக்குப் போய்" என்று சட்டைப் பைக்குள் போட்டேன். வீட்டுக்கு வர முதல் அந்த நெய் சட்டையெல்லாம் ஊறி, நெஞ்சில் பெரிய ஒரு வட்டம்.

அந்த வட்டத்தோடு வக்யூம் பிடித்துக்கொண்டிருந்தேன். பின்னேரம் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் அண்ணை. தோய்த்து அயர்ன் பண்ணின சேட்டு, கையில் ஒரு பெட்டி லட்டு, முகமெல்லாம் பல்லு.

"ஈத் முபாரக் ஐசே!"

நான் அவரைக் கூப்பிட்டதையே மறந்து போயிருந்தேன். லீவு, பிறை, மச்சான் என்று மண்டை நிறைந்ததில் பிரியாணிக்கு இடம் இருக்கவில்லை.

அண்ணை உள்ளே வந்து மூக்கை உறிஞ்சினார். வீட்டில் தரை கழுவும் மருந்து மணந்தது. "நான் முருகனிட்டக் காலைமை மன்னிப்புக் கேட்டிட்டு வந்தனான்" என்றார். "இருவது வருசத்தில முதல் தரம் வெள்ளிக்கிழமை மச்சம். உமக்காண்டி. எங்க மற்ற ஆக்கள்?"

மனுசி பழைய உடுப்போடு குசினி வாசலில் வந்து நின்றாள். மகளும் வந்தாள். 

"அண்ணை, பெருநாள் நாளைக்கு" என்றேன்.

"எது?"

"பிறை தெரியேல்ல."

"நீர் நூறு வீதம் எண்டு சொன்னீர்."

"கலண்டர் சொன்னது."

"அப்ப இண்டைக்கு நீர் என்ன செய்யிறீர்?"

"நோன்பு."

"லீவு எடுத்துப் போட்டு, பட்டினியோ?" அண்ணை கதிரையில் விழுந்தார். "நான் மனேச்சரிட்ட வகுப்பெடுத்தனான் ஐசே. சந்திரன் இப்பிடி, பெருநாள் இப்பிடி எண்டு கையால வட்டம் போட்டுக் காட்டினனான். திங்கக்கிழமை அவன்ர முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?"

வீட்டுக்கு வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பும் பழக்கம் மனுசிக்குக் கிடையாது. நோன்போடு உப்புப் பார்க்காமலே பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்தாள். முட்டை பொரிக்கவா என்று கேட்டாள். "வேண்டாம் தங்கச்சி. முருகன் தடுத்துப் போட்டார். அவர் தடுத்தா நான் மீறக் கூடாது" என்று அண்ணை கையைக் கழுவினார். மூன்று நோன்பாளிகள் சுற்றி உட்கார்ந்து பார்க்க, ஒரு சைவக்காரர் பெருநாள் விருந்துக்குப் பருப்பும் சோறும் சாப்பிட்டார். கவளத்தை வாய்க்குக் கொண்டு போகிறபோதெல்லாம் எங்கள் முகத்தைப் பார்த்துக் கையை இறக்கினார்.

"அங்கால பாருங்கோவன்" என்றார் கடைசியில். "இறங்குதில்லை."

அப்போதுதான் மகள் பேசினாள். "அங்கிள், நாளைக்கு வாப்பாவை விடுவீங்களா?"

"நாளைக்கு எப்பிடிப் பிள்ளை? இண்டைக்கு இவற்ற இடத்துக்கு ஆள் போட்டாச்சு. நாளைக்கு ஆள் இல்லை. பணிஸ் வேலை நிக்கேலாது."

"ஹி'ஸ் நொட் இன் எனி ஒஃப் தெம்" என்று அவள் போனை நீட்டினாள். எனக்குக் காட்டிய அதே படங்கள். அண்ணை எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"என்ர மகளின்ர பொங்கல் படம் ஒண்டிலயும் நானும் இல்லை" என்றார். "பொங்கலுக்கு நான் லீவு கேட்டதே இல்லை. கேட்டாத் தருவாங்களோ மாட்டாங்களோ எண்டு தெரியாது. இத்தனைக்கும் எங்கட பொங்கல் எண்டைக்கு எண்டு எல்லாருக்கும் தெரியும்."

அதைச் சொல்லிவிட்டு என்னை முறைத்தார். நான்தான் அவரைப் பொங்கலன்று வேலைக்குக் கூப்பிட்ட மாதிரி. எழும்பிப் போகும்போது வாசலில் சொன்னார். "தொழுகை எத்தினை மணிக்கு?"

"எட்டு எண்டு போட்டிருக்கு."

"முடிய ஒரு நிமிசம் நிக்காமல் ஓடி வாரும். அதுவரைக்கும் உம்மட மெஷினை நான் பாக்கிறன். ஆரும் கேட்டா உமக்கு வயித்துக்குத்து எண்டு சொல்லுவன். சந்திரன்ர கதையை நான் இனி வாயால எடுக்கமாட்டன்."

சனிக்கிழமை. பேக்கரி உடுப்புக்கு மேல் ஜுப்பாவைப் போட்டேன். தொழுகை ஒரு பெரிய விளையாட்டு மண்டபத்தில். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே எனக்கு இடம். மகளும் மனுசியும் பின்னால் பெண்கள் பக்கம். தக்பீர் சொல்லிச் சொல்லி எட்டு மணி ஆனது. எட்டே கால் ஆனது. ஒருவரும் எழும்பவில்லை. மைக்கில் மச்சான், யாரோ நீட்டிய துண்டை வாசித்தார்.

"சகோதரர்களே, சில்வர் நிற வான் ஒண்டு பக்கத்துக் கடை வாசலை மறைச்சு நிக்குது..."

பிறகு பள்ளிவாசல் கார்பெட்டுக்குக் காசு கேட்டார். பிறகு வந்துகொண்டிருக்கிறவர்களுக்காக இன்னும் கொஞ்சம் பொறுப்போம் என்றார். கண்ணால் காணாத பிறைக்கு ஒரு நாள் முழுக்கப் பொறுத்தவர்கள், பார்க்கிங் தேடுகிறவனுக்குப் பொறுக்க மாட்டார்களா? என் பைக்குள் போன் துடித்தது. காதில் வைத்தேன், அண்ணை.

"ஐசே, உம்மட மெஷின் ஒரு கோடுதான் போடுது. மற்றக் கோடு எங்க? நீர் எங்க?"

குழாய் அடைத்துவிட்டது. நான் வளையத்துக்குக் கீழே உட்கார்ந்து பல்லைக் கடித்தேன். இந்த நகரத்தில் மற்ற மனிதர்கள் தங்கள் நல்ல நாளில் படுத்துத் தூங்கலாம், குடிக்கலாம், மரத்துக்கு விளக்குப் போடலாம். கடையெல்லாம் அவர்களுக்காகப் பூட்டிக் கிடக்கும். நான் என் நல்ல நாளைத் திருட்டுத்தனமாக, வயிற்றுக்குத்து என்ற பொய்யின் கீழ், இன்னொரு மனுசன் வேர்க்க வேர்க்கச் சிலுவை போடும் நேரத்துக்குள் முடிக்க வேண்டும். யாரோடு கோபிப்பது? கம்பனியோடா, கமிட்டியோடா, மேகத்தோடா? எல்லோரிடமும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

தொழுதோம். ஸஜ்தாவில் நெற்றி தரையில் பட்டபோது ஒரு கொஞ்ச நேரம் எல்லாம் மறந்தது. அதற்குப் பிறகு குத்பாப் பிரசங்கம், அது நீண்டது. முடிந்ததும் மகளையும் மனுசியையும் இழுத்துக்கொண்டு காரடிக்கு ஓடினேன். என் காரைச் சுற்றி முன்னும் பின்னும் கார். பின்னால் குறுக்கே, கடை வாசலையும் மறைத்துக்கொண்டு நின்றது அந்த சில்வர் வான். பார்த்ததும்தான் எனக்குத் தெரிந்தது, அது மச்சானின் வான்.

"மச்சான்!" என்று கத்தினேன். அவர் ஐம்பது பேரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்றார். மகள், பின்னால் வந்த மாமியின், மச்சானின் மனுசியின் கையில் போனைக் கொடுத்து, என் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

"வாப்பா, லுக் ஹியர். இங்க பாருங்க!"

படம் எடுத்தாயிற்று. அதில் மனுசி சிரிக்கிறாள், மகள் சிரிக்கிறாள். நான் வாயைப் பிளந்து, ஒரு கையை உயர்த்தி, யாரையோ அடிக்கப் போகிறவன் மாதிரி நிற்கிறேன். ஜுப்பாவுக்குக் கீழே பேக்கரிக் காற்சட்டை தெரிகிறது. தாடியில் எத்தனையோ வருட வலையின் தழும்பு.

"இன்னொண்டு எடுப்பம்" என்றாள் மனுசி.

"வேணாம். இது பெர்ஃபெக்ட்" என்றாள் மகள். போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.  ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்கு முதல் அவள் கேட்டாள்.

"வாப்பா, அடுத்த வருசம் நான் ஒட்டாவாவில இருந்து வரோணும். ட்ரெயின் டிக்கெட் முன்னுக்கே எடுத்தாத்தான் மலிவு. எந்த நாளுக்கு எடுக்க?"

"ரெண்டு நாளைக்கும் எடு."

"எக்ஸாம் டைம் வாப்பா. ஒரு நாள்தான் விடுவாங்க."

நான் அவளைப் பார்த்தேன். மச்சானைப் பார்த்தேன். அவர் ஐம்பத்தோராவது ஆளைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். காருக்குள் ஏறி உட்கார்ந்து ஹோனை அழுத்தினேன். கையை எடுக்கவே இல்லை.